செல் சிகிச்சை: ஏற்றிய செல்கள் புற்றுக்கட்டிக்குப் போய்ச் சேர்ந்தனவா? ஸ்கேனில் கண்டுபிடிப்பது எப்படி?

அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு என்ற வரிசையில் புற்றுநோய்க்கு இப்போது செல் சிகிச்சையும் வந்துவிட்டது. நோயாளியின் ரத்தத்தில் இருந்தே நோய் எதிர்ப்பு செல்களை எடுத்து, ஆய்வகத்தில் மாற்றியமைத்து, மறுபடியும் உடம்பில் ஏற்றுவார்கள். இந்தியாவிலும் சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கான 'நெக்ஸ்கார்19' சிகிச்சைக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது.

ஆனால் மூளை, தோல் போன்ற இடங்களில் வரும் கட்டிகளுக்கு இதே வழி சுலபமாக இல்லை. அங்கே முதல் கேள்வியே, ஏற்றிய செல்கள் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பதுதான்.

வழக்கமான பரிசோதனை போதாதா?

போதாது. ரத்தத்தில் எத்தனை செல்கள் சுற்றுகின்றன என்று ரத்தப் பரிசோதனை சொல்லும். கட்டிக்குள் எத்தனை என்று சொல்லாது. பயாப்ஸி, ஊசி குத்திய இடத்தை மட்டும் காட்டும். சாதாரண ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தால், நோய் வளர்கிறதா, செல்கள் உள்ளே சண்டை போடுவதால் வீங்கியிருக்கிறதா என்ற குழப்பம் வரும்.

முறை 1: இரும்புத் துகளும் எம்ஆர்ஐயும்

செல்களுக்குள் நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களை ஏற்றி அனுப்பினால், எம்ஆர்ஐ படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும்.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள 8 பேருக்கு இப்படிச் செய்தார்கள். அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே நிணநீர் முடிச்சுக்குள் செல்களைச் செலுத்தினார்கள். பிறகு எம்ஆர்ஐ எடுத்தால் அதிர்ச்சி. 4 பேருக்கு ஊசி முடிச்சுக்குள் சரியாக இறங்கவே இல்லை! ஸ்கேன் எடுக்காமல் இருந்திருந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

குறையும் உண்டு. செல் செத்துப்போனாலும் இரும்பு அங்கேயே இருக்கலாம். உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது.

முறை 2: அடையாள மரபணுவும் பெட் ஸ்கேனும்

இதில் செல்லுக்குள்ளேயே ஒரு அடையாள மரபணுவைச் சேர்த்துவிடுவார்கள். பிறகு லேசான கதிரியக்கம் உள்ள மருந்தை ஏற்றினால், அந்த மரபணு வேலை செய்யும் செல்களில் மட்டும் அது சிக்கிக்கொண்டு, பெட் ஸ்கேனில் ஒளிரும். செத்த செல் ஒளிராது. செல் இரண்டாகப் பிரிந்தாலும் அடையாளம் தொடரும்.

2009-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா ஆய்வாளர்கள், கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் உள்ள ஒருவரிடம் இதைச் செய்து காட்டினார்கள். கட்டியை அகற்றிய இடத்தில் செல்களை விட்டார்கள். அங்கே மட்டுமல்ல, மூளையின் நடுப்பகுதியில் இருந்த இன்னொரு கட்டியிலும் ஒளி தெரிந்தது. செல்கள் தாமாகவே அங்கே போயிருந்தன.

இவர்கள் பயன்படுத்தியது ஹெர்பிஸ் வைரஸின் மரபணு. அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. செல்கள் கட்டுமீறினால், கான்சிக்ளோவிர் என்ற மருந்து கொடுத்து அவற்றை அழித்துவிடலாம்.

யார் இவர்?

இந்த ஆய்வை வழிநடத்திய ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் சஞ்சீவ் சாம் காம்பீர், ஹரியானாவின் அம்பாலாவில் பிறந்தவர். 2015-ல் இதே கிளையோபிளாஸ்டோமாவுக்குத் தன் பதின்வயது மகனைப் பறிகொடுத்தார். 2020-ல் அவரும் புற்றுநோயால் காலமானார்.

இப்போது நிலை என்ன?

செல்களைப் பின்தொடரும் ஸ்கேன் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாக எடுக்கப்படுவதில்லை. ஆனாலும் அது கேட்கும் கேள்வி முக்கியமானது. செல்கள் போய்ச் சேரவில்லை என்றால் செலுத்தும் வழியை மாற்ற வேண்டும். சேர்ந்தும் பலன் இல்லை என்றால் செல்லையே மாற்ற வேண்டும். எது என்று தெரிந்தால், நோயாளியின் நேரம் வீணாகாது.