நெப்போலியன் விழுந்தான், மனோரா எழுந்தது

தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. குன்றும் கண்மாயுமாகக் கிடந்த சீமை அது. 1974 ஜனவரியில் தனி மாவட்டம் ஆனபோது, தஞ்சாவூரிலிருந்து பிரிந்து வந்த அறந்தாங்கிப் பகுதியோடுதான் கரையும் வந்து சேர்ந்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று சுமார் 40 கிலோமீட்டர். ஆகவே இந்தக் கரையோரத்தின் பழைய விளக்கைத் தேடினால் தஞ்சை மராட்டியர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

கட்டுமாவடிக்கு வடக்கே, மல்லிப்பட்டினத்தை ஒட்டி நிற்கிறது மனோரா. 1814-15இல் இரண்டாம் சரபோஜி கட்டியது. ஆறு பட்டை, எட்டு அடுக்கு, 75 அடி உயரம். கட்டிய காரணம்தான் வேடிக்கை. ஐரோப்பாவில் நெப்போலியன் தோற்றான், ஆங்கிலேயர் வென்றார்கள். அந்த வெற்றிக்கு இங்கே ஒரு நினைவுச்சின்னம்! 1799இலேயே நாட்டை அதே ஆங்கிலேயரிடம் எழுதிக்கொடுத்துவிட்டு, தஞ்சைக் கோட்டையும் உபகாரச் சம்பளமுமாக இருந்தவர் சரபோஜி. நூலகத்துக்கும் மருத்துவத்துக்கும் அவர் செய்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்தக் கோபுரத்தில் நன்றியைவிட முகத்துதிதான் தூக்கலாகத் தெரிகிறது.

முகத்துதிக்கு எழுந்தாலும் கடலோடிகளுக்கு அது உதவியது. கலங்கரை விளக்கமாகவும் இருந்தது என்பார்கள். 75 அடி உயரத்தில் விளக்கு எரிந்தால், தோணியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வரை தெரியும். பூமி உருண்டை, அதற்கு அப்பால் எத்தனை குடம் எண்ணெய் ஊற்றினாலும் பிரயோசனமில்லை. தட்டையான இந்தக் கரையில் பகலிலும் அது நல்ல அடையாளம்தான். கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு தோப்பும் ஒரே நேர்கோட்டில் வந்தால் ஒரு கோடு கிடைக்கும். வேறு இரண்டு அடையாளங்களைச் சேர்த்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலையை இறக்கலாம். கருவி எதுவும் வேண்டாம், கண் போதும்.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகும். அதனால் சென்னையில் 1796இல் தேங்காய் எண்ணெய் விளக்காகத் தொடங்கி, 1844, 1894, 1977 என்று இடம் மாறி மாறி வளர்ந்த மாதிரியான கதை இங்கே நடக்கவில்லை.

இங்கே நடந்த மாற்றம் வேறு. 1974, 1976 ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் ஒரு எல்லைக் கோட்டைப் போட்டன. கரை எங்கே இருக்கிறது என்று கோபுரம் சொல்லும். அந்தக் கோடு எங்கே என்று எந்தக் கோபுரமும் சொல்லாது. ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுக்காரருக்கு உயிர் போகிற கேள்வி அதுதான். கோட்டைத் தாண்டினார்கள் என்று இலங்கைத் தரப்பு படகோடு பிடித்துக்கொண்டு போகும் செய்தி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. திரையில் கோடும் தெரிகிறது. மீன் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஜிபிஎஸ் என்ன செய்யும்?

சட்டமும் மாறிவிட்டது. 1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டம் போய், 2021இல் கடல்வழி வழிகாட்டிகளுக்கென்று புதுச் சட்டம் வந்தது. கப்பல் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மின்னணு ஏற்பாடுகளும் இப்போது அதன் கீழ் வருகின்றன. மனோராவுக்கோ சுற்றுலா வேலைதான் மிச்சம்.