கரிசலில் இனம் பிரித்த கதை

திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசல் பெரும்பாலும் மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் விதைக்கப்பட்டன. மக்காச்சோளம் பிந்தி வந்தது. செடியையும் பூச்சியையும் பறவையையும் பிரித்தறிவது இங்கே பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. களையெடுப்பும் கதிர்க்காவலும் பஞ்சின் விலையும் அதைக் கட்டாயமாக்கின.

பழைய திருநெல்வேலிப் பருத்தியில் கருங்கண்ணியும் உப்பமும் கலந்திருந்தன. இடையே நுழைந்த புளிச்சை, குட்டையான முரட்டு இழை கொண்டது. ஆனால் அரைக்கும்போது எடைக்கு எடை அதிகப் பஞ்சு தந்ததால் விவசாயிக்கும் அரைவை ஆலைக்கும் அது லாபம். நட்டம் நூற்பவருக்குத்தான். பஞ்சாக வந்தபின் கலப்பைப் பிரிக்க வழியில்லை. செடி நிற்கும்போதே அடையாளம் கண்டு பிடுங்க வேண்டியிருந்தது. தென்கிழக்கே கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய அரசுப் பண்ணை, கருங்கண்ணியிலிருந்து நல்ல செடிகளைத் தேர்ந்து பெருக்கியது. ஆனாலும் புளிச்சை எளிதில் விலகவில்லை. 1932-இல் சென்னை மாகாணம் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. சந்தை எடைக்கு மட்டும் விலை தரும்வரை, இனம் தெரிந்தவரும் தெரியாதவர் போலிருப்பது இயல்புதான்.

பூச்சிகளின் கதை வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி பரவியபோது தண்டுக் கூன்வண்டும் பெருகியது. தரையை ஒட்டித் தண்டு புடைத்திருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். பலத்த காற்றில் செடி அந்த இடத்தில் ஒடியும். அறுவடைக்குப் பின் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கும்படி ஆணையிட 1919-ஆம் ஆண்டின் பூச்சி, நோய்ச் சட்டம் வழிசெய்தது. காய்ப்புழுவுக்கு இது மட்டும் போதாது. புள்ளிக் காய்ப்புழு வெண்டையிலும் வரப்புத் துத்தியிலும் வாழும். எனவே களையை அறிவதும் பூச்சியை அறிவதும் ஒரே வேலையாயின. பூச்சியியலாளர்களான ஃபிளெட்சர் 1914-இலும், டி. வி. ராமகிருஷ்ண அய்யர் 1940-இலும் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல்களை வெளியிட்டனர். இரண்டும் ஆங்கில நூல்கள்.

பறவைகளைப் பிரிப்பதில் நன்மை தீமைக் கணக்கு எப்போதும் சிக்கல். கிளியை விரட்டப் பரணும் கவணும் போதும். இரட்டைவால் குருவி என்னும் கரிச்சான் பூச்சி தின்னும் என்பதால் அதற்கு இருக்கை தர வேண்டும். வயலில் குச்சி நட்டுப் பறவைத் தாங்கி அமைக்க வேளாண் துறை இன்றும் பரிந்துரைக்கிறது. சூறைக்குருவி எந்தக் கணக்கிலும் அடங்காது. மத்திய ஆசியாவில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் கூட்டங்கூட்டமாக இந்தியா வரும் இப்பறவை வெட்டுக்கிளியையும் தின்னும், முற்றிய சோளத்தையும் தின்னும்.

2018-இல் புதிய சோதனை வந்தது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழக மக்காச்சோளத்தையும் தாக்கியது. படைப்புழு என்ற பெயர் இங்கே பழையது. உள்ளூர்ப் புழுக்கள் சிலவற்றுக்கும் அதுவே பெயர் என்பதால் குழப்பம் கூடியது. தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்துப் போன்ற வெளிர்க்கோடு, பின்னுடலில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள், குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆண் அந்துப்பூச்சிகளின் வரவை அறிய இனக்கவர்ச்சிப் பொறி வைக்கப்படுகிறது. புழு குருத்துக்குள் புகுந்தபின் மருந்து எளிதில் எட்டாது என்பதால், விதைத்த சில வாரங்களிலேயே இலைகளைப் புரட்டி முட்டைக் குவியலையும் இளம்புழுவையும் தேடுகிறார்கள்.