பேராசையும் வெஃகலும்

பேராசை என்னுஞ் சொல் தூய தமிழ்ச்சொற்போலத் தோன்றினும் கலப்புச் சொல்லேயாம். முன்நிற்கும் ‘பெரு’ தமிழ்; ‘ஆசை’யோ ‘ஆசா’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. அவ்வடசொல்லுக்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்னும் பொருள்களும் உள. குற்றமற்ற அதனைப் பழிச்சொல்லாக்குவது ‘பெரு’ என்னும் அடையே. எனவே பேராசை என்பது அளவைப் பழிக்கின்றதேயன்றிப் பொருள் எவருடையது என வினவுவதில்லை. ஆங்கிலத்தின் ‘கிரீட்’ என்பதும் பசியைக் குறித்த பழஞ்சொற்களோடு உறவுடையது; அங்கும் வயிற்றின் அளவே பேச்சு.

திருக்குறளின் 18 ஆம் அதிகாரமோ ‘வெஃகாமை’ எனப் பெயர்பெற்றது. வெஃகல், பிறர்க்குரிய பொருளைக் கவர விரும்புதல். அவாவறுத்தல் 37 ஆம் அதிகாரமாய்த் துறவறவியலில் அமைய, வெஃகாமை இல்லறவியலில், அழுக்காறாமைக்கும் புறங்கூறாமைக்கும் நடுவே வைக்கப்பட்டமை நோக்கற்பாலது. மூன்றும் அயலாரோடு கூடிவாழ்வானுக்குரியவை. விரும்பியது எள்ளளவாயினும் பிறருடையதெனின் அது வெஃகலே.

இவ்வேறுபாடு வெறும் அகராதி ஆராய்ச்சியன்று. குறிஞ்சாக்கேணியில் வாழ்வோர்க்குக் குடாவின் மறுபுறத்தே கிடக்கும் திருகோணமலைத் துறைமுகமே அதற்குச் சான்று. போர்த்துக்கேயர் 1622 இல் கோணேசர் கோயிலை இடித்து, 1624 இல் கோட்டை கட்டினர். 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1672 இல் பிரெஞ்சுக் கப்பற்படை வந்தது. 1782 சனவரியில் ஆங்கிலேயர் பிடித்ததை அவ்வாண்டு ஓகத்தில் பிரெஞ்சுத் தளபதி சவ்ரன் பறித்தார். 1795 இல் மீண்டும் ஆங்கிலேயர். சோழமண்டலக் கரையில் வடகீழ்ப் பருவப்புயலுக்கு ஒதுங்கப் பாதுகாப்பான துறை இல்லாமையே இப்போட்டியின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. கப்பலுக்கு ஒதுங்கிடம் தேடுதல் பேராசையாகுமா? ஆகாது, தேவை நியாயமானதே. துறை மட்டும் அவர்களுடையதன்று. (நம் பாடநூல்கள் இதனைப் பெரும்பாலும் ‘போட்டி’ என்றே எழுதிவிடும்.)

வெடிவைத்து மீன் பிடித்தலை 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டம் தடைசெய்துள்ளது. வெடிவைப்பவன் பெறுவது சிலவேளை ஒருநாட் செலவுக்கும் போதாது. அவனைப் பேராசைக்காரன் என்றால் ஊரார் நகைப்பர். ஆயின் வெடிக்குக் குஞ்சுகளும் மாள்கின்றன. நாளை அயலவன் வலையில் விழவேண்டியதை அவன் இன்றே கொன்றுவிடுகிறான். அதற்குப் பொருந்தும் பெயர் வெஃகல். அச்சொல்லோ இன்று மீன்வாடிப் பேச்சில் இல்லை.