வளர்ப்பு நாய்த் தடுப்பூசி: நன்மை தீங்கை எந்த அலகில் அளப்பது?

ஊசிக்குப் பிறகு முகம் வீங்கிய குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், இனி ஊசியே வேண்டாம் என்கிறார். பார்வோ நோயில் குட்டியைப் பறிகொடுத்தவர், மருத்துவர் சொல்லும் ஊசி எதையும் விடுவதில்லை. இரண்டும் பட்டறிவிலிருந்து வருபவை. ஆனால் இரண்டுமே தடுப்பூசியை ஒற்றைப் பொருளாகக் கருதுகின்றன. எந்த நோய்க்கு, எந்த வயதில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று பிரித்து எடை போட்டால் கணக்கு மாறுகிறது. வெறிநோய் ஊசி வளர்ப்பவரின் விருப்பத்துக்கு உரியதன்று. வளர்ந்த நாய்க்கு ஆண்டுதோறும் எல்லாவற்றையும் ஒரே நாளில் போடும் வழக்கத்தில்தான் தவிர்க்கக்கூடிய தீங்கு இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தீங்கின் அளவை ஊகித்துப் பேச வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் கால்நடை மருத்துவமனைகளின் 2002, 2003ஆம் ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு ஜார்ஜ் மூரும் உடனாய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு 12,26,159 நாய்களை உள்ளடக்கியது. ஊசி போட்ட மூன்று நாள்களுக்குள் பதிவான பின்விளைவுகள் 4,678. அதாவது பத்தாயிரம் நாய்களுக்கு ஏறத்தாழ 38. ஆனால் இந்தச் சராசரிக்குள் ஒளிந்திருப்பதுதான் முக்கியம். உடல் எடை குறையக் குறைய ஆபத்து ஏறியது. பத்து கிலோ வரை எடையுள்ள நாய்களில், ஒரே வருகையில் கூடுதலாகப் போட்ட ஒவ்வோர் ஊசியும் ஆபத்தை 27 விழுக்காடு உயர்த்தியது. அதற்கு மேற்பட்ட எடையில் 12 விழுக்காடு. சின்னஞ்சிறு சிவாவா நாய்க்கும் பெரிய ராஜபாளையம் நாய்க்கும் ஒரே மருந்தளவுதான் என்பதை இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். அதற்காகச் சிறிய நாய்க்குப் பாதி மருந்து போடுவது சரியாகாது; மருந்தின் திறன் முழு அளவில்தான் சோதிக்கப்பட்டிருக்கிறது. குறைக்கக்கூடியது ஒரே நாளில் போடும் ஊசிகளின் எண்ணிக்கைதான்.

இந்த ஆய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று நாளுக்குப் பிறகு தலைகாட்டும் எதுவும் அதன் வலையில் சிக்காது. உடலின் காப்பமைப்பே சொந்தச் சிவப்பணுக்களை அழிக்கும் இரத்தச்சோகைக்கும் அண்மையில் போட்ட தடுப்பூசிக்கும் தொடர்பிருக்கலாம் என 1996இல் ஓர் ஆய்வு ஐயம் எழுப்பியது. பிந்தைய ஆய்வுகள் அதை ஒருமுகமாக உறுதிசெய்யவில்லை. ஐயம் முற்றாகத் தீரவில்லை என்பதால், அந்நோய் ஏற்கெனவே கண்ட நாய்க்கு எந்த ஊசியையும் மருத்துவர் தனியே எண்ணிப் பார்த்துத்தான் போட வேண்டும். நலமான நாய்க்கு ஊசியை மறுக்க இது போதுமான சான்றாகாது.

குட்டிப் பருவத்தில் தராசு ஐயத்துக்கிடமின்றி ஊசியின் பக்கம் சாய்கிறது. 1970களின் இறுதியில் தோன்றிய நாய்ப் பார்வோ நச்சுயிரி ஓரிரு ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். வீட்டை விட்டு வெளியே வராத குட்டிக்கும் அது செருப்பில் ஒட்டி வந்து சேரும். அப்படியானால் ஓர் ஊசி போதாதா, ஏன் மூன்று நான்கு என்று வளர்ப்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, இதற்குப் பொறுமையாக விடை சொன்னாலே பாதிப் பிணக்கு தீரும். சீம்பாலோடு தாயிடமிருந்து வரும் எதிர்ப்பொருள், நோயைத் தடுப்பது போலவே ஊசியில் உள்ள நச்சுயிரியையும் முடக்கிவிடுகிறது. அது வாரந்தோறும் குறைந்துகொண்டே வருகையில் ஓர் இடைவெளி பிறக்கிறது: தெருவில் திரியும் நோயைத் தடுக்கப் போதாது, ஊசியைக் கெடுக்க மட்டும் போதும். அந்த இடைவெளி எப்போது முடியும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும், ஒரே ஈற்றில் பிறந்தவற்றுக்குள்ளும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் கடக்கும்வரை போடச் சொல்கிறது உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவச் சங்கம். நான்கு ஊசிகளில் பயன் தரப்போவது ஒன்றாகவே இருக்கலாம். அது எது என்று முன்கூட்டித் தெரியாது.

அதே தர்க்கம் வளர்ந்த நாய்க்கு எதிர்த்திசையில் செல்கிறது. டிஸ்டெம்பர், பார்வோ, தொற்றுக் கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான உயிர்த் தடுப்பூசிகள் ஒருமுறை பற்றிக்கொண்டால் காப்பு பல ஆண்டுகள் நிற்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் இவற்றைத் திரும்பப் போட வேண்டாம் என்று அதே சங்கம் கூறுகிறது. எலிக்காய்ச்சலுக்கான லெப்டோஸ்பைரா ஊசியின் காப்பு குறுகியது. அந்நோய் உள்ள ஊர்களில் ஆண்டுதோறும் தேவை. இவை ஒரே குப்பியில் சேர்ந்து வருமிடத்தில், ஒன்றின் தேவைக்காக மற்றவையும் ஆண்டுதோறும் உடலுக்குள் போகின்றன. மழைநீரும் எலியும் ஒன்றாக உலவும் நம் நகரங்களில் லெப்டோவை விட முடியாது. அதைத் தனியே கேட்டு வாங்கலாம்.

வெறிநோயில் கணக்கின் வடிவமே வேறு. மற்ற ஊசிகளில் பெரும்பாலும் ஆபத்தும் பயனும் ஒரே உயிருக்கு. இங்கே ஆபத்து நாய்க்கு, பயனோ அந்த நாய் கடிக்கக்கூடிய குழந்தைக்கும். இந்தியாவில் ஆண்டு மரணம் 18,000 முதல் 20,000 வரை எனப் பழைய மதிப்பீடுகள் கூறின. அண்மைய தேசிய ஆய்வு 5,726 என்கிறது. குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், குறி தோன்றிய பின் ஏறக்குறைய எவரும் பிழைக்காத நோய் இது. கோவாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 95,000 நாய்களுக்கு ஊசி போட்ட திட்டத்தால் நாய்களிடையே நோய் 92 விழுக்காடு குறைந்தது. 2018இல் மனித மரணம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அங்கே மனித உயிர்களைக் காத்தது நாய்களின் தோளில் போட்ட ஊசி. அந்தக் காப்பில் பங்கேற்பதிலிருந்து தன் நாயை விலக்கிக்கொள்ளும் உரிமை வளர்ப்பவருக்கு இருப்பதாக நான் கருதவில்லை.

சிறிய நாய்க்கு ஊசிகளை இரண்டு மூன்று வார இடைவெளியில் பிரித்துப் போடலாம் என்பது மூரின் ஆய்விலிருந்து பெறப்படும் நடைமுறை. ஆனால் பிரித்தால் இரண்டாம் வருகை தவறும் அபாயம் உண்டு. கூலி வேலையை விட்டு வருபவருக்கு அது ஒரு நாள் வருமானம். மீண்டும் வருவார் என்ற உறுதி இல்லாவிடில் வெறிநோய் ஊசியை முதல் நாளே போட்டுவிட வேண்டும். முன்பு முகம் வீங்கிய நாயானால் காலையில் போட்டு, அரைமணி நேரம் மருத்துவமனையிலேயே வைத்திருந்து, எந்த நிறுவனத்தின் எந்த எண்ணிட்ட மருந்து, எத்தனை நிமிடத்தில் என்ன நேர்ந்தது என்று தடுப்பூசி அட்டையில் எழுதித் தர வேண்டும். அந்த வரி இல்லாத அட்டையோடு அடுத்த ஆண்டு வேறொரு மருத்துவரிடம் போகும் நாய்க்கு, அதே மருந்து அதே அளவில் மீண்டும் ஏறும்.