பல்செட்டில் தோற்ற பிசின்

1930களில் பல்செட்டு என்றால் பெரும்பாலும் வல்கனைட் என்ற கெட்டி ரப்பர்தான். உறுதியானது, ஆனால் பார்க்கச் சகிக்காத கருஞ்சிவப்பு. பேக்கலைட் வகைப் பிசின்களையும் முயன்று பார்த்தார்கள். அவை இறுகும்போது நீரை வெளியேற்றிச் சுருங்கின. மயிரிழை சுருங்கினாலும் பல்செட்டு ஈறில் உட்காராது. சுருங்காத பிசின் ஒன்று வேண்டும். ஜூரிக்கில் டி ட்ரே என்ற பல் மருத்துவப் பொருள் நிறுவனத்தில் இருந்த வேதியியலர் பியர் காஸ்டன் அதைத் தேடி இறங்கினார்.

அவர் கையில் எடுத்த இரண்டு பொருட்களும் பழையவை. ஒன்று எபிகுளோரோஹைட்ரின். இன்னொன்று, 1891-லேயே ரஷ்யாவில் டியானின் தயாரித்த பிஸ்ஃபீனால் ஏ. இரண்டையும் வினைபுரியச் செய்ததும் தேன்நிறப் பிசின் கிடைத்தது. தாலிக் அன்ஹைட்ரைடு சேர்த்துச் சூடாக்கியபோது அது கல்லாக இறுகியது. நீர் வெளியேறவில்லை, சுருக்கமும் மிகச் சொற்பம். 1938-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் காஸ்டன். அதற்குள் பல் மருத்துவர்களின் மேசைக்கு வேறொன்று வந்துவிட்டது.

அது அக்ரிலிக். ஈறின் இளஞ்சிவப்பு நிறம், எளிய செய்முறை. பல்செட்டு உலகம் அதன் பக்கம் சாய்ந்தது. காஸ்டனின் பிசினை விற்க வழி தெரியாத டி ட்ரே, 1942-ல் அதன் உரிமையை பாசெல் நகரச் சாயக் கம்பெனியான சீபாவுக்குக் கொடுத்தது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் பல்செட்டுக்குத் தேவைப்படாத ஒரு குணம் அந்தப் பிசினுக்கு இருந்தது: உலோகத்தைப் பிடித்தால் விடாது.

1946-ல் பாசெல் தொழிற்கண்காட்சியில் அது பசையாக மேடையேறியது. பெயர் அரால்டைட். இதற்கிடையே, அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு பெயின்ட் கம்பெனிக்காரரும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

டெவோ அண்ட் ரெனால்ட்ஸின் சில்வன் கிரீன்லீ தேடியது நல்ல மேற்பூச்சு. அவர் கலந்ததும் அதே இரண்டு பொருட்கள்தான். ஒருவர் அச்சில் வார்க்கப் பிசின் கேட்டார், மற்றவர் மேலே பூசக் கேட்டார். ஆனால் காஸ்டனின் கலவை இறுக அடுப்புச் சூடு வேண்டும். அதை நீக்கும் வழி 1934-லேயே ஜெர்மனியில் எழுதப்பட்டிருந்தது.

ஐ.ஜி. ஃபார்பனின் பால் ஷ்லாக், இந்தப் பிசினின் குடும்பமான எபாக்சைடுகளோடு அமீன்களைச் சேர்ப்பது பற்றிக் காப்புரிமை எழுதிவிட்டுச் செயற்கை இழைப் பக்கம் போய், 1938-ல் பெர்லான் என்ற இழையைக் கண்டுபிடித்தார். அமீன்தான் பின்னாளில் பிசினை இறுக்கும் ஹார்டனர் ஆனது. அறை வெப்பத்திலேயே இறுகும் இரண்டு டப்பா எபாக்சி வந்தது. சிட்னி ஓபரா ஹவுஸின் கான்கிரீட் விலாத் துண்டுகளை அது ஒட்டியது. இன்று மரமேசை நடுவே ஓடும் நீல ஆறும், பதக்கத்துக்குள் வாடாத பூவும் அதே ரெசின்தான்.

வார்ப்பு, பூச்சு என்று பிறப்பிலேயே இருந்த அந்த இரட்டை முகம் கைவினைக் கடை அலமாரியிலும் தொடர்கிறது. ஆழமான அச்சுக்கு நீர்த்த, மெதுவாக இறுகும் காஸ்டிங் ரெசின்; தட்டு, ஓவியம், மேசைப்பரப்புக்குக் கெட்டியான, விரைவில் இறுகும் கோட்டிங் ரெசின். கோட்டிங் ரெசினை ஆழமாக ஊற்றினால், வினையில் பிறக்கும் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கிப் புகையும், வெடிப்பு விழும். ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினாலும் பிசின் சீக்கிரம் இறுகாது. மிஞ்சிய ஹார்டனர் வினைபுரிய ஆளின்றி உள்ளே தங்கி, வார்ப்பைப் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும்.