பறிபோன மேளம்



சாமி என்றதும் கோயில் பக்கம் போய்விடாதீர்கள். நான் சொல்வது நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் வடகோடியில் வாழும் பழங்குடி மக்களை. "லாப்பியர்" என்று பழைய புத்தகங்களில் இருக்குமே, அவர்கள்தாம். அது பிறர் வைத்த பெயர். அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

அவர்களிடம் துருவமான் தோல் போர்த்திய மேளம் உண்டு. தோலின் மேல் சூரியன், தெய்வங்கள், மான், படகு என்று மரப்பட்டைச் சாற்றால் சிவப்பாக வரைந்திருப்பார்கள். கொம்புச் சுத்தியலால் தட்டும்போது, மேலே வைத்த சிறு துண்டு நகர்ந்து எந்தப் படத்தில் நிற்கிறதோ அதைக் கொண்டு குறி சொல்வார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பாதிரிமார் இதைப் பேய் வழிபாடு என்றார்கள். மேளங்களைப் பறித்தார்கள், எரித்தார்கள். இன்று உலகில் மிஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு.

அவற்றில் ஒன்றின் கதையைக் கேளுங்கள். அப்போது நார்வே டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1691-இல் ஆண்டர்ஸ் போல்சன் என்ற சாமி முதியவரிடமிருந்து மேளத்தைப் பறித்து, அடுத்த ஆண்டு வாட்சோ ஊரில் அவர்மீது சூனிய வழக்கு நடத்தினார்கள். மன்றத்தில் அவர் மேளத்தின் படங்களுக்கு ஒவ்வொன்றாகப் பொருள் சொன்னார். அதை எழுதிவைத்தார்கள். சொந்தக்காரரே சொன்ன இப்படிப்பட்ட விளக்கம் மிக அபூர்வம். அதுவும் உயிருக்கு மன்றாடும் நேரத்தில் சொன்னது! மேலிடத்தைக் கேட்டுத் தீர்ப்பளிப்போம் என்று அதிகாரிகள் நிறுத்திவைத்தார்கள். அதற்குள் காவலில் இருந்த அவரை மனநிலை தவறிய ஒருவன் கோடரியால் வெட்டிக் கொன்றுவிட்டான். மேளம் கோபன்ஹேகனுக்கு, அரச சேகரிப்புக்குப் போனது. பின்னர் அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று.

1979-இல் அதை நார்வேயின் காராஷோக் ஊரிலுள்ள சாமி அருங்காட்சியகத்துக்கு "இரவலாக"த் தந்தார்கள். பறிகொடுத்தவனுக்கே இரவல்! உரிமை கைக்கு வந்தது 2022-இல்தான்.

மேளம் போனாலும் பாட்டு இருந்தது. அதன் பெயர் யோய்க். ஒருவரைப் பற்றிப் பாடுவதல்ல, அவரையே பாடுவது என்பார்கள். பலவற்றில் சொற்களே இராது. அதையும் பாவம் என்றார்கள், பள்ளிகளில் தடுத்தார்கள் (ஆசிரியனாக இருந்தவனுக்கு இந்த வரியை எழுதக் கூசுகிறது). 1968-இல் நில்ஸ்-அஸ்லாக் வல்கியாபா யோய்க் இசைத்தட்டு வெளியிட்டார். 1994-இல் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவரே யோய்க் பாடினார்.

ஹெல்சிங்கிக்கு வருவோம். அங்குள்ள பின்லாந்து தேசிய அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 2,000-க்கும் மேற்பட்ட சாமிப் பொருள்களை, வடக்கே இனாரியிலுள்ள சாமி அருங்காட்சியகமான சீடாவுக்கே திருப்பித் தந்தது. அதையொட்டி 2021-இல் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பின்லாந்தில் பேசப்படும் மூன்று சாமி மொழிகளிலும் அதற்கு ஒரே பொருளில் தலைப்பு: "திரும்பி வருதல்". சீர்வரிசையோடு பெண்ணை வழியனுப்புவதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

அருங்காட்சியகத்தில் இருந்ததால் பிழைத்தவையும் உண்டு. சாமிப் பெண்கள் முன்பு அணிந்த தொப்பியின் பின்புறம் கொம்புபோல் எழும்பி நிற்கும். அந்தக் கொம்பில் சாத்தான் குடியிருக்கிறான் என்றார்களாம். 19-ஆம் நூற்றாண்டோடு அந்த வழக்கமே நின்றுபோனது. ஔதி பியெஸ்கி என்ற சாமிக் கலைஞர், தொல்லியலாளர் ஈவா-கிறிஸ்டினா ஹார்லினுடன் சேர்ந்து, பல அருங்காட்சியகங்களில் கிடந்த அந்தத் தொப்பிகளைத் தேடி ஆராய்ந்தார். பிறகு சாமிப் பெண்கள் கூடி உட்கார்ந்து புதிதாகத் தைத்தார்கள். மேடை, விளக்கு எல்லாவற்றையும்விட எனக்கு இதுவே கொண்டாட்டமாகப் படுகிறது.

பிப்ரவரி 6 சாமி மக்களின் தேசிய நாள். 1917-இல் அன்றுதான் டிரான்ட்ஹெய்ம் நகரில், நாட்டு எல்லை கடந்து அவர்கள் முதல் மாநாடு கூடினார்கள். ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி பக்கம் இருக்கும் பிள்ளைகள் அன்று ஒரு நடை அருங்காட்சியகம் போய்வாருங்கள். கண்ணாடிப் பெட்டியின் பக்கத்து அட்டையில், பொருள் எப்படிக் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார்களா பார்த்து எனக்கு எழுதுங்கள்.