ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்

கொக்குவில் என்னும் ஊர்ப்பெயரில் எழுத்துகள் எத்தனை என வினவின், கொ, க், கு, வி, ல் என ஐந்து என்று தமிழ் பயிலும் சிறுவரும் விடை கூறுவர். கணினியோ பெரும்பாலும் அதனைப் பத்து என எண்ணுகின்றது. இவ்வேறுபாடு தோன்றிய வரலாறு தமிழ் மாணவர் அறியற்பாலது.

சொற்களின் அமைப்பைக் குறியீடுகளால் சுட்டித் தேடும் முறை ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ எனப்படும். இதன் கணித அடிப்படையை ஸ்டீபன் கிளீனி 1956 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். 1968 இல் கென் தொம்சன் அதனைக் கணினித் தேடலுக்குரிய கருவியாக்கினார். அம்முறையில் ஒரு புள்ளி, யாதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும். ஓரெழுத்துக்கு ஓரெண் என்றமைந்த ஆங்கிலத்துக்கு அது போதுமானதாயிற்று.

தமிழின் நிலை வேறு. 1991 இல் வெளிவந்த யுனிக்கோட், 1988 ஆம் ஆண்டின் இந்திய நியமமாகிய இஸ்கியைத் தழுவித் தமிழுக்கு இடமளித்தது. அதன்படி அகரமேறிய மெய்க்கு ஓரெண். உயிர்க்குறிக்கும் மெய்ப்புள்ளிக்கும் வேறெண். தொல்காப்பியர் மெய்யின் இயல்பாகக் கொண்ட புள்ளியைக் கணினி தனியுருவாக எண்ணத் தலைப்பட்டது. எனவே, ஐந்தெழுத்துச் சொற்களை ஐந்து புள்ளியிட்டுத் தேடின் ‘கொக்குவில்’ அகப்படாது. ஈற்றெழுத்தை நீக்குமாறு பணித்தால், ‘கொக்குவி’ எனாது ‘கொக்குவில’ என எஞ்சும். அகராதி தொகுப்போர்க்கும் யாப்பு ஆய்வோர்க்கும் இது சிறு குறையன்று.

இக்குறை நீங்கும் வழிகள் படிப்படியாகவே பிறந்தன. 2000 இல் பேர்ள் மொழியின் 5.6 ஆம் பதிப்பும், 2017 இல் ஜாவாவின் 9 ஆம் பதிப்பும் முழு எழுத்தைச் சுட்டத் தனிக்குறியொன்றை ஏற்றன. ஆயினும் பழைய புள்ளி மாறவில்லை. புதுக்குறியை அறிந்தோரே பயன்பெற்றனர். 2022 இல் ஸ்விப்ட் மொழிக்கு முன்வைக்கப்பட்ட திட்டமோ புள்ளியின் பொருளையே மாற்றியது. பலர் அறிய விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்ட அத்திட்டத்தின்படி, 5.7 ஆம் பதிப்பிலிருந்து புள்ளி இயல்பாகவே கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தைக் குறிக்கின்றது. ஆங்கே கொக்குவில் ஐந்தெழுத்தே.

இம்மாற்றம் தமிழுக்கென்றே நிகழ்ந்ததன்று. குறிகள் கூடி எழுத்தாகும் மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான விதியின் பயன் அது. பொதுவிதி எல்லாவற்றையும் தீர்ப்பதுமில்லை. ஓரெழுத்தாக எழுதப்படும் ‘க்ஷ’ அவ்விதிப்படி இன்னும் இரண்டாகவே எண்ணப்படுகின்றது. அது ஒன்றா இரண்டா என்பது பொறியியலாளர் மட்டும் தீர்க்கத்தக்க வினாவன்று. எழுத்தின் எல்லையை வகுத்தல் இலக்கணத்தார் பணியாயிருந்தது. முன்மொழிவுகள் விவாதிக்கப்படும் அவைகளில் தமிழறிந்தோர் பேசாதிருப்பின், அப்பணியைத் தமிழறியாதோரே செய்து முடிப்பர்.